தவக்காலத்துக்கு ஒரு நாலு கம்பி மேளம்

"கொசு அடிக்கணும்னா பேட் வாங்கித் தரேன். அந்தச் சின்னக் கிட்டாரைப் போட்டு அடிக்காதீங்க" என்றாள் என் மனைவி. ஏழு மாதமாக நான் அடித்துக்கொண்டிருந்தது கொசுவை அல்ல. யுகுலேலே என்ற அந்த நாலு கம்பி வாத்தியத்தில், தாளத்தோடு மீட்டும் ஒரு முறை இருக்கிறது. விரல் கம்பிகளின் மேல் இறங்கும்போதே உள்ளங்கையின் ஓரமும் அவற்றின் மேல் விழுந்து ஒலியை அமுக்க வேண்டும். அப்போது 'சக்' என்று ஒரு சத்தம் வரும். சுரம் இருக்காது, வெறும் சத்தம். இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும் அதைப் போட்டால், பக்கத்தில் ஒருவர் மேளம் தட்டுவதுபோலப் பாட்டு நடக்கும். செல்போனில் பார்த்தால் சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். எனக்கு மட்டும் 'சக்' வரவில்லை. 'ட்ரங், பொத்' என்று வந்தது.

கோயம்புத்தூரில், தேயிலையின் நிறத்தைப் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனியில் நான் சர்வீஸ் ஆள். காய்ந்த தேயிலையோடு காம்பும் நாரும் கலந்திருக்கும். இயந்திரத்துக்குள் தேயிலை அருவிபோல விழ, கேமரா அதைப் பார்த்து, காம்பு வரும் இடத்தில் காற்றை ஊதி அப்பால் தள்ளிவிடும். அப்படி ஒன்றை லுணுகலைக்குப் பக்கத்துத் தோட்டத் தொழிற்சாலையில் மாட்டிக் கொடுக்க என்னை இரண்டு வாரம் இலங்கைக்கு அனுப்பினார்கள். ஸ்பேனர்களுக்கு நடுவே யுகுலேலேயையும் வைத்துக்கொண்டேன். இந்த இரண்டு வாரத்தில் 'சக்' வராவிட்டால் மச்சினன் மகளுக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவு. முடிவெடுத்தால் மாறமாட்டேன். அது நல்ல குணமா கெட்ட குணமா என்று எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

புதன்கிழமை மாலை போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் போன இயந்திர லாரி, தொழிற்சாலைக்கு முந்தின வளைவில் திரும்ப முடியாமல் நின்றிருந்தது. நம்மூர் என்றால் முப்பது பேர் கூடி முப்பது யோசனை சொல்வார்கள். இங்கே பத்துப் பேர் வந்து, பெட்டியை டிராக்டருக்கு மாற்றி, உருட்டுக்கட்டை வைத்து உள்ளே சேர்த்துவிட்டார்கள். யோசனை சொன்னது நான் ஒருவன்தான். அதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலையில் டீமேக்கர் வீட்டிலிருந்து ரொட்டி வந்தது. டீமேக்கர் என்றால் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான அதிகாரி. நம்மூர் ரொட்டி என்று நினைத்து அலட்சியமாகப் பிய்க்கப்போனேன். தேங்காய்ப்பூ போட்டு விரல் தடிமனுக்குத் தட்டியிருந்தார்கள். ஒன்று தின்றால் மத்தியானம்வரை பசி எட்டிப் பார்க்காது. தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல். காய்ந்த மிளகாயும் வெங்காயமும் உப்பும் சேர்த்து இடித்தது. முதல் வாயிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் கை நிற்கவில்லை.

சல்லடை அறையில் ஆறு பெண்கள் தாழ்வான பெஞ்சில் உட்கார்ந்து, தட்டில் பரப்பிய தேயிலையிலிருந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் எல்லாரும் "வாங்க சார்" என்றார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருவர் இடுப்பில் கை ஊன்றி எழுந்து, இயந்திரப் பெட்டிக்கு வழிவிட்டுத் தன் பெஞ்சைத் தானே நகர்த்தினார். அவர் பாக்கியம் அக்கா. முழங்காலில் வலி, அதனால்தான் அவருக்கு உட்கார்ந்த வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றார் டீமேக்கர்.

"மெசின் ஓட ஆரம்பிச்சா இவங்க?" என்று கேட்டேன்.

"மலைக்குப் போவாங்க" என்றார். இங்கே மலை என்றால் கொழுந்து பறிக்கும் சரிவு. அட்டையும் மழையும் முதுகில் கூடையும் உள்ள இடம். இத்தனை வருடத்தில் எத்தனையோ தொழிற்சாலைகளில் இயந்திரம் மாட்டியிருக்கிறேன், ஒரு இடத்திலும் நான் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்ட பிறகு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

அன்று சாயங்காலம் லயங்களின், அதாவது தொழிலாளர் குடியிருப்பின், பக்கமிருந்து பாட்டும் அதற்கு அடியில் ஒரு தாளமும் கேட்டன. டோலக்கு மாதிரியும் இல்லை, கைதட்டல் மாதிரியும் இல்லை. வரிசை வீடுகளைத் தாண்டிப் போனால் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில், கத்தோலிக்கர்களுடையது. உள்ளே பாட்டுப் பயிற்சி நடந்தது. காலையில் பார்த்த ஆறு பேரில் நாலு பேர் அங்கே இருந்தார்கள். மூன்று பேர் பாட, நாலாவது பெண் மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தது யுகுலேலே. என்னுடையதைவிடப் பழசு, ஒரு மூலை உடைந்து கறுப்பு டேப் ஒட்டியது. அவருடைய வலது கையிலிருந்து வந்தது, ஏழு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த அதே 'சக்'. வாசலிலேயே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டேன்.

அவர் பெயர் ரோஸ்மேரி, முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். எல்ல என்கிற சுற்றுலா ஊர்ப் பக்கம் ஆட்டோ ஓட்டும் அவருடைய அண்ணனின் வண்டியில் யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன வாத்தியம் அது. தேடி யாரும் வரவில்லை. "தவக்காலம் வந்தா டோலக்கை உள்ள வச்சுப் பூட்டிருவாங்க சார். ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாளைக்கு மேளம் கூடாது. தாளம் இல்லாம எங்க பாட்டு லயத்துக் கோடியிலருந்து தண்ணி புடிக்கிற பீலிக்கரை வரைக்கும் இழுத்துக்கிட்டுக் கெடக்கும். ஒருநாள் கோவத்துல கம்பி மேல கையப் போட்டேன். இது வந்துச்சு."

"கோயிலப் பாத்துக்கிற உபதேசியார் ஒண்ணும் சொல்லலையா?"

"கேட்டாரு. இதுவும் மேளம்தானேன்னாரு. இல்லீங்க ஐயா, நாலு கம்பிதான், எண்ணிப் பாத்துக்கங்கன்னேன்."

எனக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். ரோஸ்மேரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை தேநீர் இடைவேளையில் பதில் வந்தது. இங்கே பால் ஊற்றாத சாயத்தேநீரை, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடிக்கிறார்கள். நான் சீனியைக் கொட்டிவிட்டு முழித்துக்கொண்டிருந்தபோது ரோஸ்மேரி பக்கத்தில் வந்து நின்றார்.

"மெசினுக்கு ஒரு ஆளு வேணுமாமே சார். பண்டாரவளையிலருந்து டிப்ளோமா படிச்சவரு ஒருத்தர் அடுத்த திங்கக்கிழமைக்கு அடுத்த திங்க வர்றாராம். அதுக்குள்ள எனக்கு மெசின் சொல்லிக் குடுங்க. நான் உங்களுக்குத் தாளம் சொல்லிக் குடுக்கிறேன்."

யாரை வைப்பது என்று முடிவு செய்வது நான் இல்லை என்றேன். "தெரியும். ஓட்டத் தெரிஞ்ச ஆளு இங்கயே இருக்குன்னு நீங்க சொன்னாப் போதும். ஆறு பேரும் போறதுக்கு ஒருத்தி உள்ள இருந்தா, அடுத்தவளுக்கு ஒரு வழி இருக்கும்ல?" அவர் கெஞ்சவில்லை. கடைக்காரரிடம் அளவு சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. சரி என்றேன்.

அன்று மாலையே முதல் பாடம். அவர் வாசித்துக் காட்டினார், நான் அவர் வாத்தியத்தை வாங்கி ஆவேசமாக ஒரு 'பொத்' போட்டேன். கம்பி ஒன்று பட்டென்று அறுந்து என் கன்னத்தில் அடித்தது. ஞாயிறு வழிபாட்டுக்கு இரண்டே நாள். என்னிடம் மாற்றுக் கம்பி இல்லை. என் யுகுலேலேயை வைத்து வாசியுங்கள் என்று நீட்டினேன். அதன் கழுத்து அகலமானது, கை பழகவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "பதுளை டவுனுக்குப் போனா எதாவது கெடைக்கும்" என்றார். கோபம் இருந்திருக்கும், காட்டவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினேன். முன் சீட்டு காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். ஏறுகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பின்னால் இரண்டு பேர் சிங்களத்தில் பேசியதைப் பக்கத்தில் நின்றவர் எனக்கு மொழிபெயர்த்தார். "அது மதகுருமாருக்கு ஒதுக்கின சீட்டு. எழுப்பிவிடலாமா?" என்றாராம் ஒருவர். "விடு, இந்தியாவிலிருந்து வந்த சாமியாராக இருக்கும்" என்றாராம் மற்றவர். சாமியார் சத்தம் போடாமல் எழுந்து பின்னால் போனார்.

பாதி வழியில் ஒரு ஏற்றத்தில் பஸ் மூச்சுவிட முடியாமல் நின்றது. எல்லாரும் இறங்கி நடந்தோம், பஸ் காலியாகப் பின்னால் வந்தது. நம்மூரில் இப்படி நடந்தால் கண்டக்டரின் பரம்பரையே சந்திக்கு வந்திருக்கும். இங்கே ஒரு அம்மா மரநிழலில் வடைப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒன்று கொடுத்தார். நடக்கும்போதும் பஸ்ஸிலும் வலது கையால் என் தொடையில் அடித்துக்கொண்டே வந்தேன். விரல், கை, விரல், கை. கண்டக்டர் அக்கறையோடு கேட்டார்: "கால் மரத்துப்போச்சா?"

பதுளையில் இரண்டு கடையில் கிட்டார் கம்பி இருந்தது, யுகுலேலேக்கு இல்லை. மூன்றாவதாக ஒரு ஹார்டுவேர் கடைக்குள் போனேன். முதலாளி வெள்ளைத் தொப்பி போட்ட முஸ்லிம் பெரியவர். மீன் பிடிக்கும் நைலான் நூல் கேட்டேன், தடிமன் வாரியாக எடுத்துப் போட்டார்.

"என்ன மீனுக்கு தம்பி? குளத்து மீனா, ஆத்து மீனா?"

"மீனுக்கு இல்ல நானா, பாட்டுக்கு." இங்கே முஸ்லிம் கடைக்காரரை நானா என்று கூப்பிட வேண்டும் என்று வழியில் வடை கொடுத்த அம்மா சொல்லியிருந்தார்.

அறுந்த கம்பியின் துண்டைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துண்டையும் நூலையும் விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். ஒரு நூலின் நுனியைப் பல்லில் கடித்து, மறுநுனியைக் கையால் இழுத்து, சுண்டினார். காதால் கேட்டாரா பல்லால் கேட்டாரா தெரியவில்லை. "இதுதான் சரி" என்றார். பிறகு, "லுணுகலப் பக்கம் காம்பு மெசின் மாட்ட வந்த இந்தியாக்காரர் நீங்கதானே?" என்றார். நான் வருவதற்கு முன்பே செய்தி பதுளை வந்திருந்தது. ஆமாம் என்றேன். அவர் நூலை நன்றாகச் சுற்றிக் கொடுத்தார்.

நூல் பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் பாட்டுக்குப் பாட்டு அது தளர்ந்துகொண்டே போக, ரோஸ்மேரி ஒவ்வொரு இடைவெளியிலும் முறுக்கிக்கொண்டே வாசித்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபத்தில் ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை, அதற்கு மன்னிப்பு உண்டு என்று நம்புகிறேன்.

அடுத்த வாரம் முழுக்க இரண்டு பள்ளிக்கூடம். பகலில் நான் வாத்தியார், மாலையில் மாணவன். பகல் பள்ளிக்கூடம் மற்ற ஐந்து பேருக்குத் தெரியாது. அவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் இயந்திரத்தின் பின்பக்கம் நின்று சொல்லிக் கொடுத்தேன். ஒருமுறை சொன்னதை ரோஸ்மேரி இரண்டாம் முறை கேட்கவில்லை. மாலையில் நான் ஒன்றையே இருபது முறை கேட்டேன்.

"உங்களுக்கு விரல் போனப்பறம் கை போகுது சார். ரெண்டும் ஒண்ணாப் போகணும். கை பிந்துனா சத்தம் வெளிய போயிரும், அப்பறம் அமுக்கி என்னா புண்ணியம்?"

"ஒண்ணாத்தான் போகுது."

"போகல."

இரண்டு நாள் விரலால் கம்பியையே தொடவேண்டாம் என்றார். வெறும் உள்ளங்கை ஓரத்தைக் கம்பிகளின் மேல் வைப்பது, எடுப்பது, வைப்பது. அடிக்கவும் கூடாது. அப்புறம் என் முழங்கைதான் கோளாறு என்று கண்டுபிடித்தார். தேயிலைச் சாம்பிள் வைக்கும் தகர டப்பா ஒன்றை என் அக்குளில் செருகி, அது விழாமல் வாசிக்கச் சொன்னார். விழுந்துகொண்டே இருந்தது. கோயிலின் சிமெண்டுத் தரையில் தகர டப்பா விழும் சத்தம், மேளம் கூடாத அந்தத் தவக்காலத்தில் லயம் முழுக்கக் கேட்டது. பாட்டுப் பயிற்சிக்கு வந்த பாக்கியம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் விடவில்லை. இரவு சாப்பிடும்போதும் அக்குளில் டப்பாவோடுதான் ரொட்டி பிய்த்தேன்.

இதற்கிடையில் செவ்வாய்க்கிழமை, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், இயந்திரத்தை முதல்முறை ஓட்டினோம். காம்பு தனியாக, தேயிலை தனியாக அழகாகப் பிரிந்து விழுந்தது. டீமேக்கர் வர நேரமிருந்தது. நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். ரோஸ்மேரி மட்டும் கழிவுத் தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, லேசாக ஊதினார்.

"சார், இது காம்பு இல்ல. இது டிப்ஸ்."

நான் பழகியதெல்லாம் நீலகிரித் தூள் தேயிலை. அதில் வெளிறிய நிறத்தில் எது வந்தாலும் காம்புதான். இங்கே செய்வது முறுக்கிய இலைத் தேயிலை. இதில் இளம் மொட்டின் நுனி பொன்னிறத்தில் தப்பி நிற்கும். டிப்ஸ் என்பது அதுதான், தேயிலையிலேயே மதிப்பு மிகுந்த பகுதி. நான் கேமராவுக்கு நிறத்தை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தேன். அது டிப்ஸை எல்லாம் பொறுப்பாகக் குப்பையில் ஊதிக்கொண்டிருந்தது. அதோடு டீமேக்கர் பார்த்திருந்தால் என்னையும் சேர்த்து ஊதியிருப்பார்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"காம்புக்கு ரெண்டு முனையும் வெட்டுன மாதிரி இருக்கும். டிப்ஸுக்கு ஒரு முனை கூர். நகம் வச்சா காம்பு முறியும், இது வளையும்." சொல்லிக்கொண்டே அவர் விரல்கள் மூன்று குவியலாகப் பிரித்துவிட்டன. கண் அந்தப் பக்கமே போகவில்லை.

புதனும் வியாழனும் அதே சாப்பாட்டு நேரத்தில் அவர் வெள்ளைத் தட்டில் பிரித்து வைக்க வைக்க, நான் ஒவ்வொரு குவியலையும் கேமராவுக்குக் காட்டி, நிறத்தோடு வடிவத்தையும் பதியவைத்தேன். அவர் எவ்வளவு நன்றாகப் பிரித்தாரோ அவ்வளவு நன்றாக இயந்திரம் கற்றது. அவ்வளவு சீக்கிரம் அந்தப் பெஞ்சுகளும் காலியாகும். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒருமுறை, "வேணும்னா நிறுத்திரலாம்" என்றேன். "நிறுத்துனா மெசின் போயிருமா சார்? இன்னொருத்தர் வந்து தப்பும் தவறுமா மாட்டிட்டுப் போவாரு" என்றார். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

அதே வியாழன் மாலை, டப்பா விழவில்லை. முதலில் அதைக் கவனித்தது ரோஸ்மேரிதான். "நிறுத்தாதீங்க, அப்படியே போங்க" என்றார். 'சக்' வந்துகொண்டிருந்தது. ஒன்று, சக், மூன்று, சக். நான் செய்வதாகவே தோன்றவில்லை, கை தானாக விழுந்து எழுந்தது. நாற்பத்தைந்து வயதில் ஒருவன் லயத்துக் கோயிலில் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டு சிரித்ததை உபதேசியார் பார்த்தார். பார்த்துவிட்டு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை இயந்திரத்தை ஒப்படைத்தேன். டீமேக்கர் தேயிலையை அள்ளிப் பார்த்தார், கழிவை அள்ளிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. டிப்ஸ் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். பண்டாரவளைக்காரருக்கு இயந்திரம் தெரியலாம், இந்தத் தேயிலை தெரியாது; இரண்டும் தெரிந்தவர் இங்கே ஒருவர்தான் என்றேன். ஒரு ஆள் போதாது, இன்னொருவரையும் பழக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் ரோஸ்மேரியை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். கால் மணி நேரம் கழிவுத் தொட்டியையே கிண்டிக்கொண்டிருந்தார். "சரி, ஒருத்தர் இப்ப. ரெண்டாவது ஆளை அப்பறம் பார்ப்போம்" என்றார். பிறகு பெஞ்சின் பக்கம் திரும்பி, மற்ற ஐந்து பேரும் திங்கள் காலை மலைப் பெரட்டில், அதாவது கொழுந்து பறிக்கிறவர்களைக் கணக்கெடுக்கும் இடத்தில், நிற்க வேண்டும் என்றார்.

பாக்கியம் அக்கா தட்டில் மிச்சமிருந்த தேயிலையைக் கடைசிவரை பொறுக்கி முடித்துவிட்டு எழுந்தார். ரோஸ்மேரியைக் கடந்து போகும்போது, "ஒரு வார்த்த சொல்லலையே" என்றார்.

அன்று மாலை நான் யுகுலேலேயோடு கோயிலுக்குப் போனபோது ரோஸ்மேரி தனியாக உட்கார்ந்திருந்தார். பாடுகிறவர்கள் வரவில்லை.

"நாளைக்கு நீங்க வாசிங்க சார்."

"நானா? மூணு பாட்டு, அதுவும் மெதுவாத்தான் எனக்கு வரும்."

"மூணே போதும். என் தாளத்துக்குப் பாட மாட்டாங்களாம். உங்களுக்குன்னா பாடுறாங்களாம். உபதேசியார் கேட்டுட்டு வந்து சொன்னாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மெசினைக் கொண்டாந்தது நான். என் மேல கோவம் இல்லையா?"

"நீங்க வேலைக்கு வந்தவரு. நான் அவங்களோட உட்கார்ந்தவ." யுகுலேலேயை என் மடியில் சரியாக வைத்தார். "பிடிங்க. ரெண்டாவது பாட்டுல அவசரப்படுறீங்க, அத மொதல்ல பாப்போம்."

இருட்டும்வரை அவர் என்னை விடவில்லை. என் வாழ்க்கையில் ஒரு பரீட்சைக்கும் நான் அப்படிப் படித்ததில்லை. அவருடைய இடத்தில் உட்காரப் பழகிக்கொண்டிருந்தேன், சொல்லிக் கொடுத்ததும் அவரே. வெட்கமாக இருந்தது. ஆனால் நான் சொதப்பினால் அந்தக் கோயிலில் பாட்டே இருக்காது, அதைவிட அவருக்குப் பெரிய தண்டனை இல்லை என்று புரிந்தது. நன்றாக வாசித்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை கோயில் நிறைந்திருந்தது. ரோஸ்மேரி கடைசி வரிசையில், தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்தார். பாக்கியம் அக்காவும் மற்ற இரண்டு பேரும் என் பக்கத்தில் வந்து நின்றார்கள். முதல் பாட்டை எடுத்தேன். முதல் 'சக்' கொஞ்சம் பிந்தியது. இரண்டாவது சரியாக விழுந்தது. பாக்கியம் அக்காவின் குரல் அதன் மேல் ஏறிக்கொண்டது, கனமான குரல், ஆலமரம்போல இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டாவது பாட்டில் அவசரப்படவில்லை. மூன்றாவது பாட்டில் மூன்று பேரும் என் கையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசிச் சரணத்தில் ஒருவர் குரல் தழுதழுத்து நின்றுவிட்டது. மற்ற இருவரும் இழுத்து முடித்தார்கள்.

வழிபாடு முடிந்து கூட்டம் கலைந்தது. ரோஸ்மேரி வரிசை வரிசையாகப் பாட்டுப் புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டு முன்னால் வந்திருந்தார். பாக்கியம் அக்கா என் எதிரில் நின்றார்.

"அவ கை மாதிரியே இருந்துச்சு சார்."

"அவங்க சொல்லிக் குடுத்ததுதான் அக்கா."

"தெரியுது. அடுத்த ஞாயிறு இருப்பீங்களா?"

"இல்லக்கா. செவ்வாய்க்கிழமை கெளம்புறேன்."

"ஓலை பிடிச்சுப் பாடிக்கிட்டுப் போற குருத்து ஞாயிறாச்சே. தாளம் இல்லாம எப்படிப் பாடுறது?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரோஸ்மேரி நாலு எட்டுத் தூரத்தில்தான் நின்றார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அவள வாசிக்கச் சொல்லுங்க. கோவம் போகலன்னும் சொல்லிருங்க."

நான் நாலு எட்டு நடந்து போனேன். "குருத்து ஞாயிறுக்கு நீங்க வாசிக்கணுமாம். கோவம் போகலையாம்" என்றேன்.

ரோஸ்மேரி புத்தகங்களை மேசையில் அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினார். "வாசிக்கிறேன்னு சொல்லுங்க. சொல்லாம செஞ்சது தப்புத்தான்னும் சொல்லுங்க. நாளையிலருந்து சாயந்தரம் ஆறு மணிக்கு மெசின் ரூமுக்கு வரச் சொல்லுங்க சார். ரெண்டாவது ஆளு கேக்குறப்ப, எனக்குத் தெரியும்னு சொல்ல டீமேக்கர் ஐயா முன்னால அவங்க நிக்கணும். எனக்குத் தெரிஞ்சது அத்தனையும் சொல்லிக் குடுக்கிறேன்."

நாலு எட்டு திரும்பி நடந்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். பாக்கியம் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"ஆறு மணிக்கெல்லாம் மலையிலருந்து எறங்கி வர முடியாது. ஆறரைன்னு சொல்லுங்க."

நான் மறுபடியும் நாலு எட்டு நடந்தேன்.